கடனும் வீடும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கணமும் இலக்கியமும் கற்பிக்கும் பண்டிதன் ஒருவன் பாங்கிக் கடனைப்பற்றிப் பேசவந்தது ஏன் என்று உங்களுட் சிலர் வியக்கக்கூடும். சங்கத்துச் செயலாளர் இப்பொருளை எமக்குக் கொடுத்தபோது யாமும் சிறிது தயங்கினோம். ஆயினும், மாதச் சம்பளத்தில் வாழ்வார்க்குத் தவணைக் கணக்கைப்போல நன்கு பயின்ற பாடம் வேறொன்று இன்மையின், இசைந்தோம்.

முதற்கண் சொல்லிலிருந்தே தொடங்குவோம். 'கடன்' என்னுஞ் சொற்குத் தமிழில் இரு பொருள் உண்டு. செய்தே தீரவேண்டிய முறைமை ஒன்று. பிறரிடம் பெற்றுத் திருப்பிக் கொடுக்கவேண்டிய பொருள் மற்றொன்று. கொடுக்கவேண்டியதைக் கொடுத்தலும் ஒரு முறைமையே என்று நம் முன்னோர் கருதியமையால், இரண்டற்கும் ஒரு சொல்லே அமைந்தது போலும். இனி, 'வீடு' என்னுஞ் சொல், 'விடு' என்னும் முதனிலை நீண்டு பிறந்தது. 'கெடு' என்பது 'கேடு' என்றானதைப்போல. விடுதலைக்கும் அதுவே பெயர். குடியிருக்கும் மனைக்கும் அதுவே பெயர். பகலெல்லாம் உழைத்தவன் கவலைகளை விட்டு அமரும் இடம் வீடு. ஆனால், எந்த மனையில் நுழையும்போதே தவணை நாள் நினைவுக்கு வந்து நெஞ்சு திடுக்கிடுகின்றதோ, அது மனையேயன்றி வீடு ஆகாது. அம்மனையை மீண்டும் வீடாக்கும் வழி யாது? இதுவே இன்று நாம் ஆராயும் பொருள்.

நம்மவர் நிலைமை

நம் குலத்தார் பலர் கடந்த பதினைந்து இருபது ஆண்டுகளில் பெரிய வீடுகள் எடுத்தனர். மக்கள் மணஞ்செய்து உடனிருப்பர் என்று எண்ணி மேல்மாடியும் கட்டினர். அவ்வெண்ணம் நன்றே. ஆயின், காலம் வேறு வழியிற் சென்றது. மகன் பெங்களூரிலும் மகள் அயல்நாட்டிலும் இருக்க, நான்கு அறைகளில் மூன்று பூட்டிக் கிடக்கின்றன. கணவனும் மனைவியும் கீழே ஓர் அறையில் வாழ்கின்றனர். பெருக்குதற்கும் ஆளில்லாத அவ்வீட்டிற்குத் தவணை மட்டும் மாதந்தோறும் தவறாது போகின்றது. பணி ஓய்வுக்குப் பின்னும் போகவிருக்கின்றது.

இத்தகையோர் முன் மூன்று வழிகள் உள்ளன: இருக்கும் வீட்டிலேயே இருந்து கடனை விரைந்து அடைத்தல், ஈட்டை வட்டி குறைந்த இடத்திற்கு மாற்றுதல், வீட்டை விற்றுக் கடன் தீர்த்துச் சிறு வீட்டிற்குப் பெயர்தல். எது தக்கது என்பதைக் கணக்கே சொல்லவேண்டும். ஊரார் வாய் சொல்லலாகாது.

கடன்களை வரிசைப்படுத்துதல்

முதலில் ஒரு தாளை எடுத்து, உள்ள கடன் அனைத்தையும் எழுதுக. வீட்டுக்கடன், நகைக்கடன், கிரெடிட் கார்டுக் கடன், தனிக்கடன், சீட்டை முன்னரே எடுத்ததனாற் கட்டவேண்டிய மீதி, உறவினரிடம் வாங்கிய கைமாற்று ஆகிய ஒன்றையும் விடாது எழுதுக. ஒவ்வொன்றற்கும் நேரே வட்டி வீதத்தைக் குறிக்க. பின்பு, இல்லாளை அருகிருத்தி அத்தாளைப் படித்துக் காட்டுக. மனைவிக்கு மறைத்த கடனே குடும்பங்களை மிகுதியும் குலைக்கின்றது. இருவர் அறிந்த கடன் பாதி தீர்ந்த கடன்.

வட்டி மிகுந்ததை முதலில் அடைக்கவேண்டும். கிரெடிட் கார்டில் ரூ. 1,00,000 நிலுவை நிற்க, மாதம் நூற்றுக்கு 3½ வட்டி என்று கொள்வோம். ஒரு மாத வட்டி ரூ. 3,500. அதே ரூ. 1,00,000 வீட்டுக்கடனில், ஆண்டுக்கு நூற்றுக்கு 9 வட்டியில் நின்றால், ஒரு மாத வட்டி ரூ. 750. கையில் வந்த பணத்தை வீட்டுக்கடனிற் செலுத்திவிட்டுக் கார்டுக் கடனை வளரவிடுவோர், ஓட்டைக் குடத்தை விட்டுவிட்டு நல்ல குடத்திற்குப் பூச்சுப் பூசுவோரை ஒப்பர். கந்துவட்டிக்கு வாங்கியிருப்பின் அதுவே யாவற்றினும் முதலிடம் பெறும். அளவிறந்த வட்டி வாங்குதலைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003 ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டுள்ளது. அச்சத்தால் வாய்மூடி இருத்தல் வேண்டா.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. கார்டுக் கடனையும் தனிக்கடனையும் வீட்டுக்கடனோடு சேர்த்து ஒன்றாக்குவோம் என்று சிலர் அழைப்பர். வட்டி குறைவது மெய்யே. ஆனால், முன்பு வீட்டைத் தொடாதிருந்த கடன் இப்போது வீட்டின்மேல் ஏறுகின்றது. இரண்டாண்டில் முடியவேண்டியது பதினைந்தாண்டு நீள்கின்றது. கார்டை வெட்டி எறிந்து, கூடிய தொகையை விரைந்து அடைக்கும் உறுதி உடையார்க்கே அது நன்மை தரும்.

தவணையின் இயல்பு

இனி, ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். வீட்டுக்கடனில் நிலுவை ரூ. 30,00,000, வட்டி நூற்றுக்கு 9, எஞ்சிய காலம் 15 ஆண்டு. மாதத் தவணை ரூ. 30,428. முதல் மாதத் தவணையில் வட்டிக்குப் போவது ரூ. 22,500. அசலிற் குறைவது ரூ. 7,928 மட்டுமே. பதினைந்தாண்டும் கட்டி முடித்தால் வட்டியாக மட்டும் ஏறக்குறைய ரூ. 24,77,000 கொடுத்திருப்போம்.

இக்கணக்கு அச்சந் தருவது. ஆயினும் இதனுள்ளேயே மருந்தும் உண்டு. இன்று ரூ. 2,00,000 கிடைத்து அதனை அசலிற் செலுத்தி, தவணையைக் குறைக்காது அப்படியே கட்டிவந்தால், கடன் ஏறக்குறைய 23 மாதம் முன்னரே தீர்கின்றது. வட்டியில் மிஞ்சுவது சுமார் ரூ. 5,00,000. பூட்டிக் கிடக்கும் மேல்மாடியை மாதம் ரூ. 10,000 வாடகைக்கு விட்டு அதனை முழுதும் அசலிற் சேர்த்தால், 180 மாதக் கடன் 109 மாதத்தில் தீரும். ஏறக்குறைய ஆறாண்டு குறையும். மாறும் வட்டியில் தனி மனிதர் பெற்ற வீட்டுக்கடனை முன்கூட்டி அடைப்பதற்குத் தண்டம் வாங்கலாகாது என்று ரிசர்வ் பாங்கி 2012 ஆம் ஆண்டிலேயே பாங்கிகளுக்கு ஆணையிட்டுள்ளது. ஆதலின், விற்பதற்கு முன் இவ்வழியை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மற்றொன்றும் அறியத்தக்கது. 2019 அக்டோபர் முதல் பாங்கிகள் புதிதாகக் கொடுக்கும் மாறும் வட்டி வீட்டுக்கடன்கள், ரெப்போ போன்ற புற அளவுகோல் ஒன்றோடு பிணைக்கப்பட்டுள்ளன. 2020 மே மாதத்தில் ரெப்போ வீதம் நூற்றுக்கு 4 ஆக இருந்தது. 2023 பிப்ரவரியில் 6.50 ஆயிற்று, 2025 ஜூனில் 5.50 ஆகக் குறைந்தது. ஏறியபோது பலர்க்குத் தவணை ஏறவில்லை, காலமே நீண்டது. தவணை மாறாமையால் அவர் அதனை உணரவும் இல்லை. அறுபது வயதில் முடியவேண்டிய கடன் அறுபத்தைந்தைத் தாண்டிச் சென்றது. இந்நிலை கருதியே ரிசர்வ் பாங்கி 2023 ஆகஸ்டில், வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் சிறிது செய்வதா என்று தெரிவுசெய்யும் உரிமையைக் கடனாளிக்குக் கொடுக்கவேண்டும் என்று விதித்தது. ஆண்டுக்கொருமுறையேனும் கடன் அட்டவணையைக் கேட்டு வாங்கி, முடியும் நாள் எது என்று பார்த்தல் நம் கடன்.

ஈட்டை மாற்றுதல்

ஒரு பாங்கியில் உள்ள வீட்டுக்கடனை வட்டி குறைந்த மற்றொன்றிற்குக் கொண்டுபோதலை நம் பழைய வழக்கிற் கூறின், ஈட்டை மாற்றுதல் எனலாம். மேற்கூறிய ரூ. 30,00,000 கடனையே காண்போம். நூற்றுக்கு 9 என்பது 8½ ஆகின்றது எனின், அதே 15 ஆண்டிற்குத் தவணை ரூ. 29,542. மாதம் ரூ. 886 குறைகின்றது. இது சிறு தொகையாகத் தோன்றும். ஆனால், குறைந்த தொகையை வீட்டுச் செலவிற்கு எடாது, பழைய தவணையாகிய ரூ. 30,428 ஐயே கட்டிவந்தால், கடன் சுமார் 10 மாதம் முன்னரே தீர்ந்து, ஏறக்குறைய ரூ. 3,10,000 மிஞ்சும்.

இவ்விடத்தே நம்மவர் அகப்படும் கண்ணி ஒன்றுண்டு. மாற்றும்போது, "காலத்தை மறுபடி இருபது ஆண்டாக்கித் தருகின்றோம், தவணை வெகுவாய்க் குறையும்" என்பர். 8½ வட்டியில் 20 ஆண்டிற்குத் தவணை ரூ. 26,035. மாதம் நாலாயிரத்துக்கு மேற் குறைந்ததே என்று மகிழ்வோம். ஆனால், கட்டும் மொத்தத் தொகை ரூ. 62,48,000 ஐத் தாண்டுகின்றது. மாற்றாமலே இருந்திருப்பின் ரூ. 54,77,000 தான். வட்டி குறைந்தும் ரூ. 7,71,000 மிகுதியாகக் கொடுக்கின்றோம்! வட்டியைக் குறைத்தவன் வென்றான் அல்லன். காலத்தையும் நீளவிடாதவனே வென்றான்.

மாற்றுதற்குச் செலவும் உண்டு. புதிய பாங்கியின் பரிசீலனைக் கட்டணம், வக்கீல் கருத்துரை, மனை மதிப்பீடு, பத்திர ஒப்படைப்பைப் பதிவுசெய்யும் செலவு, பழைய ஒப்படைப்பிற்கு ரசீதுப் பத்திரம் எழுதும் செலவு ஆகிய எல்லாவற்றையும் கூட்டி, மிஞ்சும் வட்டியோடு ஒப்பிடுக. கடன் முடிய நாலைந்து ஆண்டே உள்ளவர்க்கு மாற்றுதலாற் பயன் மிகச் சிறிது. வட்டியின் பெரும்பகுதியை அவர் முன்னரே கொடுத்துவிட்டார். எவராயினும், வேறிடம் போகுமுன் தம் பாங்கியிற் சென்று, "புதியவர்க்குக் கொடுக்கும் வட்டியை எமக்கும் தருவீர்களா?" என்று எழுத்து மூலம் கேட்க. சிறு கட்டணத்தோடு அங்கேயே வட்டி குறைவதும் உண்டு. அவ்வாறாயின் பத்திரம் இடம் பெயரவேண்டுவதில்லை.

2024 அக்டோபர் முதல், கடன் கொடுப்போர் வட்டி, கட்டணம் முதலிய யாவற்றையும் ஒரே தாளில் எளிதாக எழுதித் தரவேண்டும் என்பது விதி. அத்தாளைக் கேட்டு வாங்கிப் படித்த பின்னரே கையெழுத்திடுக. ஆங்கிலம் விளங்காவிடின், வீட்டிலுள்ள கல்லூரிப் பிள்ளையைப் படிக்கச்செய்து பொருள் கேட்க. அதில் நாணம் இல்லை.

சிறு வீட்டிற்குப் பெயர்தல்

மூன்றாவது வழி, பெரிய வீட்டை விற்றுச் சிறியதிற் புகுதல். இதற்கும் கணக்கிடுவோம். வீடு ரூ. 85,00,000 க்கு விலைபோகின்றது. கடன் ரூ. 30,00,000 கழிய ரூ. 55,00,000. சிறு வீட்டின் விலை ரூ. 45,00,000. தமிழ்நாட்டில் 2023 ஏப்ரல் முதல் கிரயத்திற்கு முத்திரைத் தீர்வை முதலியன நூற்றுக்கு 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9. அதற்கு ரூ. 4,05,000. தரகு, சாமான் ஏற்றிச் செல்லல், சிறு மராமத்து ஆகியவற்றிற்கு ரூ. 1,95,000 வைப்போம். எல்லாம் போகக் கையில் ரூ. 4,00,000 நிற்கும், கடன் ஒரு காசும் இல்லை. மாதம் ரூ. 30,428, ஆண்டிற்கு ரூ. 3,65,000 க்கு மேல், குடும்பத்திடமே தங்கும்.

சிறு வீடு ரூ. 55,00,000 ஆயின், செலவுகளோடு ரூ. 6,90,000 குறைபடும். அதனைக் கடனாக எடுத்து, பழைய தவணையையே கட்டிவந்தால் 25 மாதத்தில் தீரும். பதினைந்தாண்டு எங்கே, இரண்டாண்டு எங்கே? ஆனால், பழைய வீட்டிற்கும் புதியதற்கும் விலை வேற்றுமை சிறிதாயின், பதிவுச் செலவும் தரகுமே அதனை உண்டுவிடும். அப்போது பெயர்தல் வீண் அலைச்சல்.

வரியையும் மறத்தல் கூடாது. 24 மாதத்திற்கு மேல் வைத்திருந்த வீட்டை விற்ற இலாபத்திற்கு, 2024 ஜூலை 23 முதல் நூற்றுக்கு 12½ வரி. அந்நாளுக்கு முன் வாங்கியவர்க்கு, விலையேற்றத்தைக் கழித்து 20 வீதம் கட்டும் பழைய முறையைக் கொள்ளவும் இடமுண்டு. இலாபம் என்பது விற்ற விலைக்கும் அடக்கத்திற்கும் உள்ள வேற்றுமை. கடன் கழித்துக் கையில் நின்றது அன்று. இதனை அறியாது பலர் இடர்ப்படுகின்றனர். இலாபத் தொகையை மற்றொரு குடியிருப்பு வீட்டில் இட்டால் வரி விலக்குண்டு. விற்பதற்கு ஓராண்டு முன்னரோ, விற்ற ஈராண்டிற்குள்ளோ வாங்கவேண்டும். கட்டுவதாயின் மூன்றாண்டிற்குள் முடிக்கவேண்டும். மேற்காட்டிய வீட்டின் அடக்கம் ரூ. 60,00,000 எனின் இலாபம் ரூ. 25,00,000. ரூ. 45,00,000 க்கு வீடு வாங்கியவர்க்கு வரி இல்லை. விற்ற பணத்தாற் கடன்களையெல்லாம் தீர்த்துவிட்டு வாடகை வீட்டிற்குப் போனவர்க்கோ, 12½ வீதத்தில் ரூ. 3,12,500 வரி நிற்கும். ஆதலின், விற்குமுன் கணக்காயர் ஒருவரைக் காண்க.

முறைமைகள் சில: முதலில் விலை பேசி ஒப்பந்தம் எழுதிய பின்னரே புதியதை வாங்குக, இரண்டு வீட்டுக் கடன் ஒருங்கே சுமத்தல் ஆகாது. வீடு முன்னோர் வழி வந்ததாயின், உடன்பிறந்த பெண்களின் உரிமையை மறவற்க. அவர் கையெழுத்தின்றி எழுதிய கிரயம் பின்னர் வழக்காகும். கடன் முழுதும் அடைத்த 30 நாளுக்குள் மூலப்பத்திரங்களைத் திருப்பித் தரவேண்டும் என்றும், தம் பிழையால் தாமதித்தால் நாளொன்றுக்கு ரூ. 5,000 கடனாளிக்குக் கொடுக்கவேண்டும் என்றும் ரிசர்வ் பாங்கி விதித்துள்ளது. இது 2023 டிசம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. பத்திரம் கைக்கு வந்ததும், ரசீதுப் பத்திரம் பதிவாகி, வில்லங்கச் சான்றில் ஈடு நீங்கியது ஏறியுள்ளதா என்று பார்த்த பின்னரே கடன் தீர்ந்தது என்க.

ஊர்ப்பேச்சும் மானமும்

கணக்கு இவ்வளவே. ஆயினும், கணக்குத் தெரிந்தும் பலர் அசையாதிருப்பதன் காரணம் வேறு. "வீட்டை விற்றான்" என்னும் சொல் நம்மவர் காதில் "கெட்டான்" என்று விழுகின்றது. பெண் கேட்டு வருவோர் பின்வாங்குவர், சங்கத்தில் மதிப்புக் குறையும் என்ற அச்சம் பெரியது.

எம் இல்லத்தும் இப்பேச்சு இப்போது நடக்கின்றது. எந்தையார் விட்டுச்சென்ற மனையில், தம்பியும் உடனிருக்கவேண்டிக் கடன் பெற்று மேல்மாடி எடுத்தோம். தம்பிக்குக் கோயமுத்தூரில் வேலை வாய்த்தது. அன்னையார், "உங்கள் அப்பா வெட்டிய கிணறு, அவர் வைத்த வேம்பு, இவற்றை விட்டு நான் எங்கே வருவேன்?" என்கின்றார். எம் மனைவியாரோ, "அத்தைக்கு இந்த வாசற்படி ஏறவே முழங்கால் இடங்கொடுக்கவில்லை. பெண்ணின் மேற்படிப்புக்குப் பணம் வேண்டும் நாள் அண்மையில் இருக்கிறது. படி இல்லாத சிறு வீடாயின் இரண்டும் நிறைவேறுமே" என்கின்றார். இருவர் கூற்றும் மெய். கணக்கு ஒருவர் பக்கம் நிற்கின்றது. நெஞ்சு மற்றவர் பக்கம் நிற்கின்றது. மேல்மாடியை வாடகைக்கு விட்டு ஓராண்டு பார்ப்பது, அதனாற் போதாதாயின், அன்னையார் தாமே வந்து பார்த்து இசையும் வீட்டிற்குப் பெயர்வது என்று இப்போதைக்கு வரையறுத்துள்ளோம். முதியோர் கண்ணீர்மேல் ஒரு கிரயம் எழுதுதல் எமக்கு உடன்பாடன்று. ஆனால், பெண்ணின் படிப்பை ஒரு சுவருக்காக நிறுத்துதலும் உடன்பாடன்று.

ஆகவே, சிறு வீடே சிறந்தது என்று யாம் யாவர்க்கும் விதிக்கவில்லை. விற்றலை இழிவென்று கருதி, எண்ணிப் பாராமலே கடனிற் கிடப்பது தகாது என்றே கூறுகின்றோம். தானே கணக்கிட்டு, தக்க விலைக்கு, தக்க காலத்தில் விற்பவன் வீட்டை மாற்றுகின்றான். தவணை தவறி, நோட்டீஸ் வந்து, ஏலத்திற் கேட்ட விலைக்கு விடுபவனே வீட்டை இழக்கின்றான். முன்னதைச் செய்யத் தடையாகும் நம் நாவே பின்னதற்குக் காரணமாகின்றது என்பதை ஒவ்வொருவரும் நெஞ்சில் வைத்தல் வேண்டும்.

சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். நம்முள் வக்கீல்கள் உளர், கணக்காயர் உளர், பாங்கியில் வேலைசெய்து ஓய்வுபெற்றோர் உளர். மாதத்தில் ஒருநாள் மாலை அவருள் இருவர் சங்கக் கட்டிடத்தில் அமர்ந்து, வருவோரின் கடன் தாளையும் பத்திரத்தையும் பார்த்து, கேட்டதை வெளியில் விடாது, வழி சொல்வாராயின், அது பெரிய அறமாகும். பிள்ளைகளுக்குப் பரிசளிப்பது போலவே, பெற்றோரைக் கடனினின்று மீட்பதும் கல்விக்குச் செய்யும் உதவியே.

தாய்மார்களே! உங்கள் துணையின்றி இது நடவாது. அண்டை வீட்டார் சிறு வீட்டிற்குப் பெயர்ந்தார் எனின், "ஏன் விற்றார்கள்?" என்று கேளாது, "புது வீட்டில் காற்று வருகிறதா, தண்ணீர் நன்றாக இருக்கிறதா?" என்று கேட்டு, ஒரு குடம் எடுத்துச்சென்று பால் காய்ச்ச உடனிருங்கள். அச்சொல் ஒன்றே பல குடும்பங்களுக்குத் துணிவு தரும்.

இளைஞர்களே! வீடு எடுக்கும் முன்னரே இக்கணக்கைப் போடுங்கள். வருவாய்க்கு ஏற்ற வீடு, வயதிற்கு ஏற்ற தவணை, இரண்டும் அமைந்தால் கடன் நமக்கு ஊழியஞ் செய்யும். அமையாவிடின் நாம் அதற்கு ஊழியஞ் செய்வோம்.

 நம்மவர் ஒவ்வொருவர் மனையும் கடன் நீங்கி, உண்மையில் வீடாக அமைவதாக!